அங்கோர் ஒருநாள் பாஸ்: மாணவர் குழுவுக்கு 37 டாலர் தகுமா?

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் எந்த டிராவல்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் நீட்டுவது ஒரே திட்டத்தைத்தான்: ‘சன்ரைஸ், ஸ்மால் சர்க்யூட், ஒரு நாள்’. அதிகாலை 4:30க்கு ஓட்டலில் ஏற்றுவார்கள். அங்கோர் வாட்டில் சூரிய உதயம், அங்கோர் தோம் தெற்கு வாசல், பாயோன், பாபுவோன், யானை மேடை, தா கேவ், தா ப்ரோம், கடைசியில் பக்கேங் குன்றில் அஸ்தமனம். 17 கிலோமீட்டர் வட்டத்தில் எட்டு இடம். கணவன் மனைவி இரண்டு பேராக டுக்டுக்கில் சுற்றுவதற்கு இது போதும். முப்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு வருகிற பள்ளிக்கோ கல்லூரிக்கோ இந்தத் திட்டம் காலை பத்து மணிக்கே படுத்துவிடும்.

காரணம் எளிது. கம்போடியா நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். அங்கே 4:30 என்றால் சென்னையில் இருந்து வந்த பிள்ளையின் உடம்புக்கு அது விடியற்காலை 3 மணி. சிங்கப்பூர், மலேசியா மாணவர்களுக்குப் பரவாயில்லை, அவர்களுக்கு அது 5:30. போதாக்குறைக்கு 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரவு விமானத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் வண்டியில் வந்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்த குழுவிடம் அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தா ப்ரோம், பாயோன், அங்கோர் வாட் என மூன்றே கோயில், அதிலும் அங்கோர் வாட் மதியத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் அங்கோர் கோயில்களுக்கான ஒருநாள் நுழைவு பாஸுக்கு 5க்கு 4 கொடுக்கலாம். கடைக்காரர் தருகிற எட்டு இடத் திட்டத்தோடு சேர்த்து வாங்கினால் 2.

முதலில் பாஸ். 2017 பிப்ரவரியில் இருந்து ஒருநாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. இரண்டு நாள் பாஸ் கிடையாது. இந்தச் சேவையில் எங்களுக்கு இருக்கிற பெரிய மனக்குறை இதுதான். மூன்று நாள் பாஸைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். மாணவர் அடையாள அட்டைக்குச் சலுகை கிடையாது. 12 வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம். அதற்கும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், நகல் எடுத்து வைத்திருப்பது நல்லது. கூட வரும் ஆசிரியர்களுக்கும் முழுக் கட்டணம்தான். ‘இருபது பேருக்கு ஒருவர் இலவசம்’ என்கிற நம்மூர் வழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். 30 மாணவர், 3 ஆசிரியர் என்றால் 1,221 டாலர். மூன்று நாள் பாஸ் எடுத்தால் 2,046. ஒவ்வொரு பாஸிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது.

பாஸில் அவரவர் முகப்படம் அச்சாகும். அதனால் ஆசிரியர் ஒருவரே போய் மொத்தமாக வாங்கி வர முடியாது; ஒவ்வொருவரும் கவுன்ட்டர் கேமரா முன் நிற்க வேண்டும். டிக்கெட் அலுவலகம் ஊருக்குள்ளும் இல்லை, கோயில் வாசலிலும் இல்லை, வேறொரு சாலையில் தனியாக இருக்கிறது. முப்பத்து மூன்று பேரை அங்கே இறக்கி ஏற்றுவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். இரண்டு வழி உண்டு. முதல் நாள் மாலை 5 மணிக்குப் பிறகு போனால் மறுநாளுக்கான பாஸ் தருவார்கள். காலை நேரம் மிச்சம். இல்லாவிட்டால் பாஸ் விற்கிற அங்கோர் என்டர்பிரைஸின் இணையதளத்தில் படத்தை ஏற்றி ஊரிலேயே வாங்கிவிடலாம். இணையத்தில் வாங்கியதைக் கட்டாயம் தாளில் அச்சடித்து, ஒரு பிரதியை ஆசிரியர் கோப்பில் வையுங்கள். மதியம் மூன்று மணிக்கு நான்கு பிள்ளைகளின் போனிலாவது சார்ஜ் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு கோயில் வாசலிலும் பாஸைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். கவுன்ட்டரில் வாங்கிய பாஸ் தொலைந்தால் மறுபடியும் 37 டாலர்.

டாலர் தாள் விஷயத்தில் அங்கே கறார். ஓரம் கிழிந்தது, பேனா கிறுக்கியது, டேப் ஒட்டியது எதையும் வாங்க மாட்டார்கள். நம்மூர் மணி எக்ஸ்சேஞ்சில் வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில்லறை கம்போடிய ரியலில் வரும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியல் என்று கடைகளில் கணக்கு.

அடுத்தது வண்டி. மதில் சூழ்ந்த பழைய நகரமான அங்கோர் தோமின் தெற்கு வாசலின் உயரம் 23 மீட்டர், நுழைவழியின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர்தான். பெரிய பேருந்து அதற்குள் போகாது. ‘ஏசி கோச்’ என்று விளம்பரம் செய்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தெற்கு வாசலில் என்ன செய்வீர்கள் என்பது. ஆளை இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள், அல்லது சுற்றி வேறு வழியாகக் கொண்டுபோய் வாசலைப் பார்க்காமலே கடத்திவிடுவார்கள். 12 முதல் 15 பேர் உட்காரும் வேன் மூன்று எடுத்துக்கொள்வதுதான் சரி. வேனுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பெயர்ப்பட்டியல், ஒரு ஐஸ் பெட்டி. டுக்டுக் வேண்டாம். மூன்று மூன்று பேராகப் பத்துப் பதினோரு டுக்டுக் என்றால் பாயோன் வாசலில் தலை எண்ணுவதற்குள் பொழுது போய்விடும்.

வழிகாட்டி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்; சீருடையும் பேட்ஜும் இருக்கும். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து மாணவர்களுக்கு மேல் வைக்காதீர்கள். புடைப்புச் சிற்ப மண்டபங்கள் குறுகலானவை. முப்பது பேர் வரிசையாக நின்றால் கடைசியில் நிற்கிறவனுக்கு வழிகாட்டியின் குரலும் கேட்காது, அவர் விரல் காட்டுகிற இடமும் தெரியாது.

இனி வரிசை. காலை 7:30க்கு தா ப்ரோம். அங்கோர் வாட் தவிர பெரும்பாலான கோயில்கள் அந்த நேரத்தில்தான் திறக்கும். சூரிய உதயக் கூட்டம் அப்போது காலை உணவுக்கு ஓட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், அதனால் முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு. மரவேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கிற அந்தப் பிரபலமான இடங்களில் படம் எடுக்க மரமேடை போட்டிருக்கிறார்கள். தனித்தனிப் படம் என்று ஆரம்பித்தால் ஒரு வேருக்கு இருபது நிமிடம். குழுப் படம் ஒன்று, அவ்வளவுதான் என்று வேனிலேயே சொல்லிவிடுங்கள்.

வேரைவிட இங்கே பாடம் நடத்தத் தோதானது இந்தக் கோயிலின் 1186ஆம் ஆண்டு சமஸ்கிருதக் கல்வெட்டு. கல் இப்போது அங்கே இல்லை. அதில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் போதும். 18 தலைமைக் குருக்கள், 2,740 பணியாளர், 2,202 உதவியாளர், 615 ஆடல் பெண்கள். கோயிலைச் சார்ந்து வேலை செய்தவர்கள் 79,365 பேர், கிராமங்கள் 3,140. இப்போது காடாகத் தெரிகிற இடம் ஒரு காலத்தில் ஒரு மாவட்டத்துக்கே சம்பளம் போட்ட நிறுவனம் என்பது இந்த எண்களைச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பாடத்தில் படித்தவர்கள் தாங்களே ஒப்பிடத் தொடங்குவார்கள். இங்கே பழுதுபார்ப்பு வேலையில் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாக இருக்கிறது. சரிந்த கற்களுக்கு எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிற இடங்களைத் தாண்டிப் போகாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையில் பாதி.

அந்தக் கற்களிலேயே இன்னொன்றும் பார்க்கலாம். மதில்கள் செம்புரைக்கல், செதுக்கிய பகுதிகள் மணற்கல். கூரை வளைவு உண்மையில் வளைவு அல்ல. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி மேலே சேர்த்த கதலிகா கரணம். அதனால்தான் கூடங்கள் எல்லாம் ஒடுக்கமாக இருக்கின்றன. ஒரு பக்கச் சுவரை வேர் இரண்டு விரல்கடை நகர்த்தினாலும் கூரை மொத்தமும் உள்ளே விழுகிறது. விழுந்து கிடக்கிற கூடத்துக்குப் பக்கத்தில் நின்று இதை விளக்கினால் கட்டடக்கலைப் பாடத்தின் ஒரு வாரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தா ப்ரோமில் குழுக்கள் செய்கிற தவறு ஒன்றே ஒன்று: ஒரு வாசலில் இறங்கி மறு வாசலில் வெளியேறுவது வழக்கம், அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவது. வெளிச்சுற்று கிழக்கு மேற்காக 1 கிலோமீட்டர். பின்தங்கிய இரண்டு பேர் வந்த வழியே திரும்பிப் போனால் அவர்களைத் தேடி எடுக்க அரை மணி நேரம். எந்த வாசலில் வேன் நிற்கும் என்பதைக் கையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும்.

ஒன்பதே முக்காலுக்கு அங்கோர் தோம். தெற்கு வாசல் பாலத்துக்கு முன்பே இறங்கி நடந்து போக வேண்டும். இடப்பக்கம் 54 தேவர், வலப்பக்கம் 54 அசுரர், இரண்டு வரிசையும் பாம்பை இழுக்கின்றன. இதே கதையை மாலையில் அங்கோர் வாட் சுவரில் பார்க்கப் போகிறோம் என்று இங்கேயே ஒரு கொக்கி போட்டு வையுங்கள். மதில் ஒரு பக்கத்துக்கு 3 கிலோமீட்டர், நடுவில் பாயோன்.

பாயோனில் எல்லோரும் கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களைப் பார்க்க மேலே ஓடுவார்கள். மேல்தளம் பராமரிப்புக்காக மூடிக் கிடப்பதும் உண்டு, முதல் நாளே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தாலும் நட்டமில்லை. முகங்கள் கீழிருந்தே தெரிகின்றன. இதைக் கட்டிய அரசன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துக் கோபுரங்களில் இன்று நிற்பவை 37. உண்மையான சரக்கு வெளித் திருச்சுற்றின் சுவரில் இருக்கிறது. அரசர் கதை மட்டும் இல்லை. சேவல் சண்டை, சந்தையில் தராசு பிடிக்கிற பெண், கொதிக்கிற பானைக்குள் முழுப் பன்றியை இறக்குகிற சமையல்காரர்கள், சம்பா நாட்டுச் சாம் படையோடு நடந்த படகுச் சண்டை, படகுக்கு அடியில் மீன்களும் முதலைகளும். பத்துப் பொருள்களின் பட்டியலைக் கொடுத்து ‘கண்டுபிடி’ என்று விட்டால் நாற்பது நிமிடம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். தொடக்கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். விரல் பட்ட இடங்களில் மணற்கல் எண்ணெய் பூசியது போலக் கறுத்துப் பளபளக்கும், அதை ஒரு முறை காட்டிவிட்டால் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொள்வார்கள். பாபுவோனையும் யானை மேடையையும் வேனில் இருந்தபடி பார்த்தால் போதும்.

பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை சாப்பாடும் நிழலும். மார்ச் கடைசி, ஏப்ரல் என்றால் ஓட்டலுக்கே திரும்பி வரலாம், தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள், அதில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ். கலந்ததாக இருக்கட்டும். சைவப் பிள்ளைகளுக்குச் சாப்பாடுதான் தலைவலி. ‘வெஜிடபிள்’ என்று தட்டில் வருவதில் மீன் சாறும், சில நேரம் ப்ரஹோக் எனும் புளித்த மீன் விழுதும் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது. மீன் சாறு, இறால் விழுது, ப்ரஹோக் மூன்றையும் பெயர் சொல்லி விலக்கி, முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. பொட்டலம் கட்டி வாங்கிப் போவது பாதுகாப்பு.

இரண்டு மணிக்கு அங்கோர் வாட், மேற்கு வாசல். ஏன் மதியம்? இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழுகிறது, அதனால் உங்களுக்குக் கிடைப்பது குளத்துக்கு மேலே ஒரு கறுப்பு நிழல்வடிவம், அதுவும் வடபக்கக் குளத்தங்கரையில் முண்டியடித்து, முன்னால் நிற்கிறவரின் போனுக்கு மேலே. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் நடுக் கோபுரத்துக்கு நேர் மேலே எழுவது அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. மற்ற நாட்களில், அதுவும் மேகம் போட்ட விடியலில், பிள்ளைகளின் தூக்கத்தை விலையாகக் கொடுக்க அது தகாது. மதியத்துக்குப் பிறகு வெயில் நேராக முகப்பில் விழும். மேற்குச் சுவர்ப் போர்க்காட்சிகளில் ஒவ்வொரு ஈட்டியும் தனித்தனியாகத் தெரியும்.

உள்ளே போனதும் முதலில் பாக்கான் எனும் மேல்தளம். ஒரே நேரத்தில் 100 பேரைத்தான் விடுவார்கள். காலையில் உதயக் கூட்டம் அப்படியே இங்கே வரிசையில் நின்று ஒரு மணி நேரத்தை விழுங்கும், மதியத்தில் அவ்வளவு இல்லை. பழைய கல்படிகள் ஏறக்குறைய 70 டிகிரிச் சரிவு, அதன்மேல் கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இலவச பாஸில் வந்த பிள்ளைகளோடு கீழே இருக்க ஓர் ஆசிரியரை முன்பே குறித்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், தொப்பி கூடாது. கையில்லாச் சட்டைக்கு மேல் ஷால் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையுள்ள டீ-ஷர்ட், முழங்காலைத் தாண்டிய கால்சட்டை என்று சுற்றறிக்கையிலேயே போட்டுவிடுங்கள்.

பௌத்தப் புனித நாட்களில் பாக்கான் மூடியிருக்கும், மாதத்துக்கு நான்கு நாள். டிராவல்ஸ்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நம்ம வீட்டுத் தினசரி நாட்காட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம்: வளர்பிறை அஷ்டமி, பௌர்ணமி, தேய்பிறை அஷ்டமி, அமாவாசை. ஒரு நாள் முன்பின் வரலாம் என்பதால் அதையொட்டிய நாட்களையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

கீழே இறங்கும் வழியில் சிலுவை வடிவ மண்டபத்தின் வடகோடியில் ஒரு சின்ன அறை. சுவரில் முதுகை ஒட்டி நின்று மார்பில் கையால் குத்தினால் அறை முழுக்க ‘தும்’ என்று அதிரும். பேசினாலோ கைதட்டினாலோ அப்படி வராது. தாழ்ந்த ஒலிக்கு மட்டும் அறை பதில் சொல்வது ஏன் என்று பிசிக்ஸ் ஆசிரியர் இருந்தால் அவரிடம் விட்டுவிடலாம். வரிசை நீளும், ஆளுக்கு ஒரு குத்து.

பிறகு திருச்சுற்று. நீளம் 215 மீட்டர், அகலம் 187. ஒரு முழுச் சுற்று 800 மீட்டர். மேற்கு வாயிலில் இருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். சிற்பங்கள் உள்சுவரில் இருக்கின்றன, ஆக நடக்கும்போது கோயில் உங்கள் இடப்பக்கம் வரும். அப்பிரதட்சிணம்! நம்மூர்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டே விடுவார். ஈமச்சடங்கில் சுற்றுகிற திசை இது, அரசனின் நினைவாலயமாகவும் இருந்ததற்கு அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று.

முதல் சுவர் குருக்ஷேத்திரம். இடப்பக்கமிருந்து கௌரவர், வலப்பக்கமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடச் சொல்லுங்கள். தெற்கில் சூரியவர்மனின் படை ஊர்வலம், அடுத்து 37 சொர்க்கமும் 32 நரகமும், எருமைமேல் பல கைகளோடு யமன். நரகக் காட்சிகளுக்குக் கீழே சின்னச் சின்ன கெமர் (கம்போடிய மொழி) எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. நம்மூர்க் கல்வெட்டைப் பார்த்த கண்ணுக்கு அந்த வளைவுகள் தூரத்துச் சொந்தம் போலத் தெரியும்.

கிழக்கில் பாற்கடல் கடைதல், 49 மீட்டர் நீளம். மதிய நேரத்தில் இந்தப் பக்கம் நிழல், இருபது நிமிடம் தாராளமாக நிற்கலாம். 92 அசுரர், 88 தேவர், நடுவில் திருமால், மத்துக்கு அடியில் ஆமை. எல்லோரும் நடுவைப் பார்த்துவிட்டு நகர்வார்கள். நீங்கள் கீழ் வரிசையைக் காட்டுங்கள். ஓரத்தில் மீன்களும் முதலைகளும் முழுசாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. கடைகிற வேகத்தை அந்தச் சிற்பி இப்படிக் காட்டியிருக்கிறார்.

வடகிழக்குச் சுவர்கள் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கி முடித்தவை, வேலைப்பாடு மட்டம். நிற்காமல் நடந்து, மேற்கு வடபகுதியில் இலங்கைப் போருக்கு வந்துவிடுங்கள். அனுமன் தோளில் நின்று வில் வளைக்கும் இராமன், இருபது கை இராவணன், கடித்துப் புரளுகிற குரங்குகள்.

இந்த வரிசை நவம்பரில் இருந்து மே தொடக்கம் வரைக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு கொட்டும். அப்போது தலைகீழாக மாற்றி, அங்கோர் வாட்டைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அது 5 மணிக்கே திறந்துவிடும் என்பதால் உதயக் கூட்டம் கலைந்த பிறகு ஏழு மணிக்கு உள்ளே போனாலும் நேரம் தாராளம். நனைந்த மணற்கல் படி வழுக்கும், ரப்பர் அடி உள்ள மூடிய காலணி வேண்டும்.

பன்டேய் ஸ்ரேய் பாஸில் அடங்கும். 967இல் எழுப்பிய இளஞ்சிவப்புக் கல் கோயில், சிற்ப நுணுக்கத்தில் இந்த மூன்றையும் மிஞ்சும், ஆனால் ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் அதையும் நுழைத்தால் ஏதாவது ஒரு கோயில் பலியாகும். அது வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் 62 டாலர் பாஸ். குலேன் மலை இந்த பாஸில் வராது, தனிக் கட்டணம். பக்கேங் குன்றின் அஸ்தமனத்துக்கு ஒரே நேரத்தில் 300 பேர்தான். முப்பது பேரும் சேர்ந்து உள்ளே போக மூன்றரைக்கே வரிசைக்கு வர வேண்டியிருக்கும், அந்த நேரம் பாற்கடல் சுவருக்கு முன்னால் இருப்பது மேல்.

ஐந்தரைக்கு அங்கோர் வாட்டை மூடத் தொடங்குவார்கள். காவலர்கள் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டே வருவார்கள், அகழிப் பாலம் தாண்டி வண்டி நிற்கும் இடம் வரை நடக்க இருபது நிமிடம் வேண்டும். கோயிலுக்குக் கிழக்கு வாசலும் உண்டு. கூட்டம் குறைவு என்று சில டிரைவர்கள் அங்கே போய் நிறுத்திவிடுவார்கள். உங்கள் மூன்று வேன் டிரைவர்களிடமும் தனித்தனியாக, மேற்கு வாசல் என்று சொல்லி வையுங்கள்.